நான்காவது நரம்பு

"1953 ஜூன் 19, வெள்ளி. ஒரு சிறு பிழை. எட்டாம் பூச்சியின் சீட்டில் பின்னிறகு நரம்பு மூன்று என்று எழுதிவிட்டேன். நான்கு."

நாட்குறிப்பில் மை உலர்ந்ததும் ஞானதாசன் சீட்டைத் திருத்தப் பூச்சிப் பெட்டியைத் திறந்தான். மார்த்தாண்டத்துப் பூச்சியியல் மாலை வகுப்பில் மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். ஓட்டில் மழை சீராக இரைந்துகொண்டிருக்க, பாச்சை உருண்டை நெடிக்கு அடியிலிருந்து, கடித்த பழத்தின் ஈரமான இனிப்பு வாடை மெல்ல எழுந்து வந்தது. பழச்சாறு குடிக்கும் உயிருள்ள பூச்சியின் வாடை அது; காய்ந்த பூச்சிகளுக்குக் கிடையாது.

ஆந்தை அந்துப்பூச்சிகளை உட்குடும்பமாகப் பிரிக்கப் பின்னிறகின் நரம்பை எண்ண வேண்டும். அதற்கு முன், விஷச் சீசாவிலிருந்து எடுத்து ஊசி குத்தும்போது, விளக்கு பிடித்துக் கண்ணைப் பார்க்க வேண்டும். உயிருள்ள கண் கனலாக ஒளிரும், செத்தது ஒளிராது. ஆசிரியர் யோவான் சார் வைத்த சட்டம் இது.

போன மாதம் ஒரு பூச்சியின் கண்ணை அவன் பார்க்கவில்லை.

"ஏலே, கண்ணு பாத்தியா?" என்று கேட்டாள், சீட்டு எழுதும் ராகேல்.

"பாத்தேன்."

"உனக்க அவசரத்துக்கு அது நிண்ணு சாவுமா மக்கா? செரி, செத்ததுண்ணு எழுதுதேன்."

அன்றிரவு அந்தப் பூச்சி ஊசியிலேயே விழித்து, இறகடித்து, இதே பெட்டியில் சார் இருபது வருடமாகச் சேர்த்த வரிசையைப் பாதி தூளாக்கியது. சீட்டில் இருந்தது ராகேலின் கையெழுத்து. கல்லூரி அருங்காட்சியக வேலைக்கு எழுதியிருந்த அவள் பெயரைச் சார் அடித்துவிட்டு ஞானதாசன் பெயரை எழுதினார். அவள் அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். திங்கட்கிழமை அவன் வேலையில் சேர வேண்டும். நாட்குறிப்பில் அந்தப் பிழை இன்னும் ஏறவில்லை.

அரிக்கேன் விளக்கைப் பெட்டிக்கு மேல் தாழ்த்திப் பிடித்தான். எட்டாம் பூச்சியின் கண்ணில் ஒரு கனல்.

விளக்குச் சுடரின் பிரதிபலிப்பாக இருக்கும். விளக்கை விலக்கினான். கனல் விலகவில்லை.

பக்கத்துப் பூச்சியிலும் ஒன்று. அடுத்ததிலும். மேல் வரிசை. தூளுக்குள் கிடந்த வெறும் தலைகள். எல்லாம் அவனை நோக்கி.

விளக்கை அணைத்தான்.

கண்கள் அணையவில்லை.

எழ முயன்றான். தோள்பட்டைகளுக்கு நடுவே ஊசிபோல் மெல்லிய குளிர். நேராக. நெஞ்சுவரை. கால் உதறியது. கை உதறியது. உடல் நகரவில்லை.

நாட்குறிப்பு கைக்கெட்டியது. அந்தச் சிவந்த வெளிச்சத்தில், வழக்கம்போல, மறுநாள் வேலையை எழுதினான்.

"நாளை, சனி: விளக்கு பிடித்து என் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்த்த பிறகே சீட்டு."