பச்சையாகவே இருந்த வளை

“அம்மா, உனக்குக் கை இப்படி நடுங்குதே, வளை மட்டும் ஏன் பச்சையாவே இருக்கு?”

மகள் இசைமதி என்றோ இப்படிக் கேட்டபோது தில்லைநாயகி வளைக்கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். பழைய மின்கலங்களை உடைத்து ஈயம் பிரிக்கும் ஆலையில் அவளும் மற்றப் பெண்களும் நச்சறிவளை அணிந்திருந்தார்கள். நண்பகலில் ஒருமுறை அது வியர்வையையும் நாடியையும் சோதிக்கும். உடம்பில் ஈயம் ஏறியிருந்தால் சிவக்கும். சிவந்தவளுக்கு மறுநாள் வேலையில்லை, கூலியுமில்லை.

இப்போது ஆலைமீது வழக்கு. நடுங்கும் கைகளோடு, கலைந்த கருக்களின் துக்கத்தோடு பெண்கள் நியாயம் கேட்டார்கள். தீர்ப்பு சொல்லும் நடுவப்பொறி வளைகளின் பதிவைப் பார்த்தது. எல்லாம் பச்சை.

“எவளோ நம்மள வித்துட்டா. கேன்டீன் ஜெசிந்தாதான்!” என்றாள் உடன் வேலை செய்யும் பூங்கோதை. “சூப்பர்வைசர்கிட்ட பல்லைக் காட்டும்போதே நெனச்சேன்.”

நண்பகலில் தன் வளையைக் கழற்றி ஜெசிந்தாவிடம் மாட்டிக்கொள்ளக் கொடுத்தவள் தில்லைநாயகி. ஆலைப் புகை படாத ஜெசிந்தாவின் கையால்தான் தில்லைநாயகி வீட்டில் உலை கொதித்தது. ஆனால் மற்றவர்களின் வளை எப்படிப் பச்சையானது? அவளுக்கும் சந்தேகம் தட்டியது. ஜெசிந்தாவை ஓரமாக இழுத்துக் கேட்டாள்.

“நீ மட்டுந்தான் கேட்டேன்னு நெனச்சியாடி? எல்லாருந்தான் கேட்டீங்க, ஒருத்திக்குத் தெரியாம ஒருத்தி. முந்தானைக்குள்ள முழங்கை வரைக்கும் மாட்டிக்கிட்டு சோறு போட்டேன். புள்ளைங்க பட்டினி கெடக்கக் கூடாதேன்னு பண்ணது. ஏசப்பா, இப்ப என்னையே ஜெயிலுக்கு அனுப்பப் பாக்குறாளுங்க!”

மறுநாள் தில்லைநாயகி நடுவப்பொறியின் வாக்குமூல அறைக்குள் தனியே போனாள். அங்கே பேசுவது வெளியே போகாது.

“எல்லா வளையிலயும் நாடியை ஒத்துப் பாருங்க. ஒரே ஆளோடதா இருக்கும்.”

கேட்காததைப் பார்க்கும் வழக்கம் பொறிக்கு இல்லை. இப்போது பார்த்தது. “உண்மை. பச்சைப் பதிவு செல்லாது. இது யார் ஏற்பாடு?”

“என்னோடது.”

“ஏற்பாடு செய்தவரே குற்றவாளி. அவருக்கு இழப்பீடும் இரத்தச் சுத்திகரிப்பும் கிடையாது. சம்மதமா?”

மகளின் முகம் வந்து போனது. முருகனை நினைத்துக்கொண்டாள்.

“சம்மதம்.”

மற்ற எல்லோருக்கும் சிகிச்சைக்கு உத்தரவானது. பச்சை காட்டிய கை எதுவென்று யாரும் தேடவில்லை. பட்டியலில் தில்லைநாயகியின் பெயர் மட்டும் இல்லை.

மதியம் அவள் உட்கார்ந்ததும் பெஞ்சில் இருந்தவர்கள் தட்டோடு எழுந்து போனார்கள். ஜெசிந்தா கரண்டியை நிறுத்தி அவளையே பார்த்தாள்.

“உன் பேர் மட்டும் ஏண்டி இல்ல? கம்பெனிக்காரன் தனியா எவ்ளோ குடுத்தான்?”

தில்லைநாயகி நடுங்கும் கையால் தட்டை நீட்டினாள்.

“சோத்தைப் போடுக்கா.”