பச்சை நூல் கட்டிய காய்

விடியும்போதே இசக்கியம்மாளுக்குக் கழுத்து இழுத்துப் பிடித்திருந்தது. கம்பெனியின் சேர்க்கைக் கூடத்தில் நாள் முழுக்க அண்ணாந்து நின்று பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைத்தால் அப்படித்தான் பிடிக்கும். தேனீக்கள் சும்மா செய்துகொண்டிருந்த வேலை, அவை அற்றுப்போன பிறகு பெண்களின் கழுத்தில் ஏறியிருந்தது.

கழுத்தைச் சாய்த்தபடியே ஜன்னலோரச் செம்பருத்தியில் ஒரு பிடி இலை பறித்துக் கசக்கி, குடத்தில் போட்டுக் கலக்கினாள். கொழகொழப்பில் கசடெல்லாம் திரண்டு அடியில் இறங்கியது. மேலே தெளிந்ததை மொண்டு மகள் சுடலிக்கு வைத்தாள். அந்த உப்பளக் குடியிருப்பில் இலை போடாத தண்ணீரைக் குடித்தவர்களுக்குச் சிறுநீரகம் போய்க்கொண்டிருந்தது.

செடி கம்பெனியுடையது. மூடுசெடி என்று பெயர். விதை வைக்காது, கிளை நட்டால் வேர் விடாது, மூன்று வருடத்தில் தானாகப் பட்டுப்போகும். புதுச்செடி கூடத்தில் வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான். கழுத்து போனால் வேலை போகும், வேலை போனால் செடி கிடையாது. இசக்கியின் கழுத்து ரொம்ப நாள் தாங்காது.

அதனால் வீட்டிலேயே விதை பிடிக்கிற ஜோடியைத் தேடினாள். அக்கம்பக்கத்துக் கம்பெனிச் செடிகளில் அடுக்குப் பூ உதவாது, மகரந்தம் ஏற்கிற சூல்முடிகூட இதழாகிப்போயிருக்கும். மஞ்சளில் மகரந்தம் கொட்டும், அதில் உயிர் இருக்காது. அவளுடைய ஆரஞ்சுச் செடிக்கு மட்டும் விதை வைக்காமல் கம்பெனி போட்ட பூட்டு மார்கழிக் குளிரில் கொஞ்சம் தளர்ந்தது. காய் பிடிக்கும், ஆனால் கம்பெனிச் செடியின் மகரந்தம் என்றால் ஒரு வாரத்தில் காம்போடு உதிர்த்துவிடும். வெளி மகரந்தம் வேண்டும். அது எதிர்வீட்டு நேசமணியிடம் இருந்தது. கல்லறைத் தோட்டம் கடலுக்குள் போகுமுன் அவள் ஒடித்து வந்து, துணிக்கொடிக்குப் பின்னால் மறைத்து வளர்த்த பழைய ஒற்றைச் சிவப்பு.

"பூ தாரேன். ஆனா எனக்கு ரெண்டு கன்னு வேணும்" என்றாள் நேசமணி.

"கல்யாணமே ஆகல, அதுக்குள்ள பேரப்பிள்ளைல பங்கு கேக்கியளே."

"சிரிக்காதட்டி. எஞ்செடி எலையக் கூடை கூடையாப் போட்டாலும் தண்ணி தெளிய மாட்டேங்கி. ஒஞ்செடி கொழகொழப்பும் எஞ்செடி ஆயுசும் சேந்து வந்தாத்தான் எங்க வீட்டு மனுசன் பொழைப்பாவ. காலு வீங்கிப் போய்ப் படுத்துருக்காவ."

"ரெண்டு கன்னு. சுடலி மேல சத்தியம்க்கா."

காலையில் விரிந்த பூ வாடுமுன், ஆரஞ்சுப் பூவின் ஐந்து சூல்முடிகளிலும் சிவப்பின் மகரந்தத்தைத் தடவினாள். பிறகு நேசமணியின் வாசல் திரையிலிருந்து ஒரு பச்சை நூலை உருவிக் காம்பில் கட்டினாள். யோசித்துச் செய்யவில்லை. சேர்த்த பூவை நூல் கட்டாமல் விட்டால் கூடத்தில் திட்டு விழும்; அங்கே நூலின் நிறம்தான் தகப்பன் யாரென்று சொல்லும். அடுத்தடுத்த நாட்களில் இன்னும் இரண்டு பூக்களுக்கும் அதையே செய்தாள்.

மூன்றும் காய் பிடித்தன. கந்தல் துணியால் மூடி வைத்திருந்தாள். காய்கள் பழுத்துவரும் சமயத்தில் ஒரு நாள் காற்று துணியைத் தள்ளிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே கம்பெனியின் பறக்கும் கேமரா, வேவுத்தும்பி ஒன்று வந்து, அந்தரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனது.

கூடத்து மேற்பார்வையாளர் பொன்பாண்டி ஆட்களோடு படியேறும் சத்தம் கேட்டபோது, ஒரு காயைக் கிள்ளிக் கொண்டைக்குள் செருக மட்டுமே அவளுக்கு நேரம் இருந்தது.

"தாய் இங்க இருக்கு. தகப்பன் எங்க?" என்றார் பொன்பாண்டி. விதை பிடித்த செடியும் மகரந்தம் தந்த செடியும் கம்பெனிக்குச் சொந்தம். வைத்திருந்த வீடுகளுக்கு இனிமேல் செடியே கிடையாது. அதுதான் சட்டம்.

"காத்துல வந்திருக்கும் சார்."

"காத்து நூலும் கட்டுமோ?"

மீதிக் காய்களின் காம்பில் கிடந்த பச்சையை அவர் விரலால் தொட்டுப் பார்த்தார். திரும்பி எதிர்வீட்டுத் திரையைப் பார்த்தார். "நல்ல வேலைக்காரி. சொல்லிக்கொடுத்தத மறக்கல. நாளைக்கு வேலைக்கு வந்துரு. செடிதான் கெடையாது."

ஆட்கள் ஆரஞ்சுச் செடியைத் தூக்கிக்கொண்டு, சிவப்புச் செடியையும் வேரோடு பிடுங்கிக் கொண்டுபோகும்வரை நேசமணி வாசலைவிட்டு நகரவில்லை. ஆட்கள் இறங்கிப் போன பிறகு கேட்டாள்: "நூலு கட்டாம இருக்க முடியாதோட்டி ஒனக்கு?"

இசக்கி கொண்டைக்குள்ளிருந்து காயை எடுத்து அவளிடம் காட்டினாள்.

கொண்டையில் போன காயின் விதைகளில் ஒன்றே ஒன்று முளைத்தது. குளியலறைக்குள், வேவுத்தும்பியின் கண் எட்டாத மூலையில் வளர்ந்தது. அடுத்த மார்கழிக்குள் இலை தடித்துவிட்டது. கசக்கிப் போட்டால் ஒரு சின்னக் குடம் தெளிந்தது. அது சுடலிக்குச் சரியாக இருந்தது. இசக்கி கலங்கலையே குடித்தாள். கிளை ஒடித்து நட்டால் வேர் விடும் ஜாதி என்பது தண்டைப் பார்த்தாலே தெரிந்தது. ஒடித்தால் வெட்டுப்பட்ட இடம் தழையும்வரை பிள்ளைக்கு இலை போதாது. இரண்டு முறை கத்தியை எடுத்தாள். இரண்டு முறையும் கீழே வைத்தாள்.

நேசமணியின் வீட்டுக்காரருக்கு இப்போது முகமும் வீங்கிவிட்டது. நாற்காலியில் உட்காரவைத்துத்தான் மாடியிலிருந்து இறக்குகிறார்கள். ஒரு கை பிடிக்க இசக்கியும் போகிறாள்.

"மொளச்சுதா?" என்று நேற்று படியில் வைத்துக் கேட்டாள் நேசமணி.

"இல்லக்கா" என்றாள் இசக்கி.

நேசமணிக்கு அவள் இரண்டு செம்பருத்திக் கன்று தர வேண்டும். இன்னும் தரவில்லை.