இல்லாத கடைக்கு வரி

வக்கீல் நாற்காலியைக் காட்டியும் டீச்சர் உட்காரவில்லை. நகராட்சி நோட்டீஸை மேசைமேல் போட்டாள்.

"நேத்து வந்துச்சு சார். வீட்டு வரி மூணு மடங்கு. பின்னறையில கடை நடக்குதாம்! ஈ காக்கா வராத வீடு அது. இதைக் கட்டினா பென்ஷன்ல சாப்பாட்டுக்கு மிஞ்சாது. வித்துட்டுத்தான் போகணும்."

"வாங்கறதுக்கு யாராவது கேட்டுட்டு இருக்காங்களா?"

"பக்கத்து வீட்டு மேஸ்திரி ரொம்ப நாளா கேக்கறார்."

"அவன்தான் அத்தான்!" என்று துள்ளினான் வக்கீலின் மச்சான். அவருக்குக் குமாஸ்தாவும் அவன்தான். வக்கீல் செருப்பை மாட்டினார்.

டீச்சர் வீட்டுப் பின்னறையில் ஒட்டடை படிந்த நாற்காலிகள் கிடந்தன. ஒரு சுவரில் நிலைப்படி அளவுக்குப் பூச்சு மட்டும் வேறு நிறம்.

"கதவு இருந்த இடம் சார். வீட்டுக்காரர் ரேடியோ ரிப்பேர் பார்த்தப்போ ஆளுங்க பின்தெருவுல இருந்து வருவாங்க. அவர் போனதும் தனியா இருக்கப் பயந்து, மேஸ்திரியைக் கூப்பிட்டு அடைச்சுட்டேன்."

அங்கிருந்து மூவரும் நகராட்சிக்குப் போனார்கள். வரி அதிகாரி அலுத்துக்கொண்டார்.

"ஃபோன்ல தகவல் வந்துச்சுங்க. பின்தெருக் கதவு வழியா நாள் பூரா ஆள் போக வர இருக்காங்கன்னு."

"நேர்ல போய்ப் பார்த்தீங்களா?"

அதிகாரி மின்விசிறியைப் பார்த்தார்.

வாசலுக்கு வந்ததும் மச்சான் ஆரம்பித்தான். "மேஸ்திரியேதான்!"

"கதவை அடைச்சதே அவர் கைதான். இல்லாத கதவை அவர் எதுக்குச் சொல்லப்போறார்?"

"அப்போ பழைய வாடிக்கைக்காரன் எவனாவது?"

"இந்த வீட்டுக்கு வரி ஏறினா அவனுக்கு என்ன லாபம்?" வக்கீல் டீச்சரிடம் திரும்பினார். "வரி ஏறினதை யார்கிட்டயெல்லாம் சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்லை. நேரா உங்ககிட்டதான் வந்தேன்."

"வெளியூர்ல இருக்கற உங்க மகன்கிட்ட கூடவா?"

"அவன்கிட்ட நான் எங்க சொன்னேன்? அவன்தான் போன வாரமே கேட்டான், 'வரியை ஏத்திட்டாங்களாமே, இனி அந்த வீடு எதுக்கு, வித்துப் பணத்தை அனுப்பு'ன்னு..."



"நோட்டீஸ் நேத்துதானேம்மா வந்துச்சு," என்றார் வக்கீல் மெதுவாக. "தகவல் சொன்னவருக்கு உங்க வீடு அத்துப்படி. ஆனா கதவை அடைச்ச பிறகு ஒரு நாள் கூட உள்ள வரலை."

டீச்சர் நகராட்சிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அவன் அப்பா செத்தப்போ வந்தவன் சார். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தா சுவர் தெரிஞ்சிருக்கும். பொய்யைக் கூட ஒழுங்கா சொல்லியிருப்பான்."

  மச்சான் மனு எழுதத் தாளை எடுத்தான்.

"தகவல் சொன்னது யாரோ தெரியலைன்னு எழுதிடலாம்மா. வரி எப்படியும் குறைஞ்சிடும்."

"வேண்டாம். மகன்னே எழுதுங்க." முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள். "நான் பெத்த பிள்ளைன்னே எழுதுங்க."

எழுதினான். "அவர் விலாசம்?"

டீச்சர் வாயைத் திறந்தாள். பிறகு பையிலிருந்து ஃபோனை எடுத்தாள்.

"ஃபோன் நம்பர்தான் இருக்கு," என்றாள்.