புகைப்புரைக்குள் மூன்று தட்டு

ஐம்பத்திரண்டாம் வருஷம் ஆடிச் சாரலில், பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வேலைக்குப் போனேன். தக்கலையில் பஸ் பிடித்து, இறங்கி, மலை ஏறி, தெப்பலாக நனைந்து போய் நின்றேன். கங்காணி சுடலையாண்டி ஒரு சாவியைத் தூக்கி என் மேல் எறிந்தார்.

"புகைப்புரையில வேலை. விறகு வைக்கணும், ஷீட்ட திருப்பிப் போடணும். உள்ள சத்தம் கேட்டா எலியாக்கும். கேட்டியாலே?"

ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக்கி, புகை போட்டுக் காயவைக்கிற கட்டிடம் அது. ஜன்னல் கிடையாது. மூங்கில் கழிகளில் ஷீட்டுகள் உரித்த தோல் மாதிரித் தொங்கும். புளித்த நாற்றமும் புகையும் தொண்டையைப் பிடிக்கும்.

ஒரு மத்தியானம் கதவைப் பூட்டிவிட்டு வெளியே உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன்.

தட். தட். தட்.

கொஞ்சம் ஓய்ந்தது.

தட். தட். தட்.

எலி எண்ணியா தட்டும்?

பின்னால் பால் சுமக்கிற நாகம்மை நின்றாள்.

"பயப்படாத மக்கா," என்று காதோடு சொன்னாள். "அது எம் பய பொன்னுலிங்கம்."

நடந்ததை அவளே சொன்னாள்.

போன மழைக்கு அவன் பால் வாளியோடு மேடேறும்போது மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்திருக்கிறான். கல்யாணம்கூட ஆகாத பயல். கங்காணி மூக்கில் விரல் வைத்துப் பார்த்து, "போச்சு" என்றாராம். பால் உறைந்துபோகுமே என்ற அவசரம் அவருக்கு. விழுந்த இடத்திலேயே வாய்க்கரிசி போடவைத்துவிட்டார். ஓடிவந்த நாகம்மை அந்த அரிசியை விரலால் தோண்டி எறிந்துவிட்டு, அவன் நெஞ்சில் இரண்டு கையாலும் இடித்திருக்கிறாள். "எழும்புல! எழும்பு மக்கா!" பெற்றவள் மாரடிக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

அவன் மூச்சு விட்டான்.

பக்கத்திலேயே லாரி நின்றது. நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்லி அவள் கங்காணியின் காலில் விழுந்திருக்கிறாள்.

"அரிசி வாங்கின வாய் திரும்பப் பேசினா அது மனுசன் இல்ல, பேயி. சரக்கு லாரியில ஏத்தவா?" என்றார் கங்காணி. மந்திரவாதி வரட்டும் என்று அவனைப் புகைப்புரைக்குள் தள்ளிப் பூட்டினார். அடுப்பையும் அணைக்கவிடவில்லை. அவன் உள்ளிருந்து தட்டினான். தாய்க்காரி வெளியிலிருந்து தட்டினாள். தொழிலாளர் குடியிருந்த லயம் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

விடிந்தபோது உள்ளே சத்தமில்லை.

அதைக் கேட்டதும் சாவியை எடுத்துக்கொண்டு நேரே கங்காணியிடம் போனேன். "உயிரோட இருந்தவனையா பூட்டினீரு? இன்னும் உள்ள தட்டுதான்."

"ஏலே சவமே, நேத்து வந்தவன் நீ எனக்கு நியாயம் சொல்லுதியா? வா, பேயக் காட்டு."

கதவைத் திறந்து அவரே உள்ளே போனார்.

காற்றே இல்லை. ஷீட்டுகள் மட்டும் ஆடின.

தட். தட். தட்.

பிறகு பொத்தென்று ஒரு சத்தம்.

விழுந்து கிடந்த கங்காணியை நானும் ஓடிவந்தவர்களும் வெளியே இழுத்துப் போட்டோம். மூச்சில்லை. கூடிநின்ற கூட்டத்தில் லயத்துப் பெண் ஜெபகுமாரி, "நாகம்மக்கா, ஒனக்குத்தான கைப்பழக்கம். இடியேன்," என்றாள்.

நாகம்மை அவர் பக்கத்தில் மண்டியிட்டாள்.

"அரிசி கொண்டா," என்றாள்.

யாரோ கொண்டுவந்து கொடுத்தார்கள். ஒரு பிடி அள்ளினாள். போடட்டும் என்றுதான் நானும் நினைத்தேன்.

அவள் அரிசியை மண்ணில் வீசி அடித்தாள். அவர் நெஞ்சின் மேல் குனிந்து ஓங்கி இடித்தாள். ஒவ்வொரு இடிக்கும் ஒரே கேள்விதான்.

"எம் பிள்ளைய என்னல செய்த? சொல்லாம நீ சாவப்பிடாது! சொல்லுல!"

கங்காணி இருமினார். வாயிலிருந்து புகை வந்தது. கூடவே கரிபிடித்த அரிசி. அவர் வாயில் யாரும் அரிசி போடவில்லை.

கண்ணைத் திறந்து நாகம்மையைப் பார்த்தார். அவருடைய குரல் இல்லை. இளம் குரல்.

"அம்மா... கதவத் தொறம்மா. புகையுது."

கூட்டம் சிதறி ஓடியது. நாகம்மை அந்தத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

புகைப்புரைக்குள் இப்போது சத்தமே இல்லை. நான் மட்டும் குனிந்து கங்காணியின் நெஞ்சில் காதை வைத்தேன்.

தட். தட். தட்.

கொஞ்சம் ஓய்ந்தது.

தட். தட். தட்.