சிம்மக்கல் அரங்கில் மூன்றாம் சனிக்கிழமை

ஆள் எழுந்ததும் தானாக மேலே மடிந்துகொள்ளும் பழைய மர நாற்காலிகள் அவை. அன்று சாயங்காலம் சத்யப்ரியா அரங்கத்துக்குள் நுழைந்தபோது, ஓரத்து நாற்காலிகள் நான்கின் பலகைகள் கீழே இறங்கியிருந்தன. யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்பிரிங் போயிருக்கும் என்று நினைத்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் கனத்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

சிம்மக்கல்லில் நூறு வருடமாக நிற்கிற அந்த நாடக அரங்கம் பாதி நாள் பூட்டியே கிடந்தது. ஆள் சேர்த்துக் காட்டும் பொறுப்பை, ஒப்பந்தப் பணியாளரான அவளிடம் மாநகராட்சியில் கொடுத்திருந்தார்கள். மூன்று சனிக்கிழமை இலவச நாடகம். அப்போதும் கூட்டம் வராவிட்டால் இடித்துவிட்டு வாகன நிறுத்தம். முதல் இரண்டையும் காவலாளி மட்டுமே பார்த்தார். இன்று மூன்றாவது. நாடகம் அவள் தம்பி அழகுபாண்டி எழுதியது. ஒத்திகை முடித்து மேடையேறும் முன்பே, போன வருடம் விளாங்குடி பக்கம் லாரி மோதிச் செத்துப்போனான். ஆள் நிறைந்த அரங்கில் ஒரு தடவையாவது அது நடக்கவேண்டும். அவளுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வாசலில் போஸ்டர் ஒட்டும் பேயாண்டி பசை வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஊரு பூரா ஒட்டிட்டீங்களாண்ணே?"

"மதுரையில காலிச் செவுரு எங்கத்தா இருக்கு? எங்க பார்த்தாலும் கண்ணீர் அஞ்சலி. அதுக்கு மேலதான் ஒட்டிவிட்டேன்."

"செத்தவங்க போஸ்டர் மேலயா?"

"மொகத்த மறைப்பேனா, பாவம்ல? பேரு, தேதி, அழுகுறவுக பேரு, அம்புட்டையும் மறைச்சேன். மேல அவுக மொகம், கீழ நம்ம 'அவசியம் வருக'." சிரித்தார். "அவுகளையே அழைச்ச மாதிரி இருக்கு, போங்க."

அழகுபாண்டியின் முதலாண்டு நினைவு போஸ்டரும் போன வாரம்தான் அந்தத் தெருக்களில் ஏறியிருந்தது. அதன் மேலும் ஒட்டினாரா என்று கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை.

ஆறு மணிக்கு விளக்கை அணைத்தார்கள். உள்ளே ஒருவர்கூட இல்லை. மேடையில், தம்பியின் தோழி திவ்யா முதல் வசனத்தைப் பேசினாள். பக்கக் கதவோரம் சத்யப்ரியா நின்றாள். ஆற்றுப் பக்கத்துச் சாக்கடை வாடையும் பழைய மரத்தின் புழுக்கமும் மெல்ல விலகி, அந்த இடத்தில் பன்னீரும் ஊதுபத்தியும் வாடிய சம்பங்கி மாலையும் கலந்த ஒரு வாசனை தரையிலிருந்து எழுந்து வந்தது. பிறகு சத்தம். ஒரு பலகை இறங்கியது. தூரத்தில் இன்னொன்று. கதவு திறக்கவில்லை. செருப்புச் சத்தம் இல்லை. பலகைகள் மட்டும். வரிசையாக. நிற்காமல்.

இருட்டில் தலைகள் தெரிந்தன.

அவள் அசையவில்லை.

மாநகராட்சி வருவாய் ஆய்வாளர் முத்திருளன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "பரவால்லையே தாயி. இம்புட்டுச் சனமா? இனி இடிக்கிற பேச்சே இல்ல. வாராவாரம் நடத்துங்க." தோளைத் தேய்த்துக்கொண்டார். "ஏசிய மட்டும் கொறைங்க, எலும்பு வரைக்கும் குளிருது. நான் வாரேன்."

அந்த அரங்கில் ஏசி கிடையாது.

நாடகம் முடிந்தது. கைதட்டல் இல்லை. விளக்கு கண்ணில் அடிக்க, திவ்யா இருட்டைப் பார்த்துக் கும்பிட்டாள். "அக்கா, கூட்டம் இருக்கா? எனக்கு ஒண்ணும் தெரியல. ஏன் ஒருத்தருமே தட்டல?"

சத்யப்ரியா நடைபாதையில் இறங்கினாள். இருபுறமும் முகங்கள். ஸ்டுடியோவில் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேரே பார்த்தபடி. யாரும் இமைக்கவில்லை.

முன்வரிசையில் அழகுபாண்டி.

ஓடத் தோன்றியது. கால் அவனிடம்தான் போனது.

"நல்லா நடிச்சாங்களாடா?" என்றாள்.

அவன் இரண்டு கைகளையும் உயர்த்திக் காட்டினான். கட்டைவிரல்கள் இரண்டும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டப்பட்டிருந்தன. பாடையில் ஏற்றும் முன் கட்டியது. மயானத்தில் அவிழ்த்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். பெண்கள் அங்கே போவதில்லை. தெருமுனையோடு அவள் நின்றுவிட்டாள்.

மண்டியிட்டாள். முடிச்சு ஈரமாக இருந்தது. நகத்தால் நெம்பினாள். அழுதபடி நெம்பினாள். அவிழ்ந்தது.

அவன் கை தட்டினான். ஒரே ஒரு தட்டு. அரங்கம் முழுக்கக் கேட்டது.

பக்கத்து நாற்காலியில் இருந்த பெண் தன் கைகளை நீட்டினாள். அவளுக்கு அடுத்தவர். அவரை அடுத்துப் பள்ளிச் சீருடையில் ஒரு சிறுமி. பின்னால், அதற்கும் பின்னால், வரிசை வரிசையாக. கட்டிய கைகள். எல்லாம் அவளை நோக்கி.