சூடு போகும் இடம்

கம்ப்யூட்டருக்குப் புதிய கூலர் மாட்டிய அன்று பிற்பகல், மேசைக்கடியில் உருண்டுபோன பேனா மூடியை எடுக்கக் குனிந்தபோது அவன் கை பெட்டியின் பின்பக்கம் பட்டது. காற்று வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் சூடாக இல்லை. திறந்த ஃப்ரிட்ஜுக்கு முன்னால் கையை நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

அப்படி இருக்க நியாயமே இல்லை. கல்யாண வீடியோவை வெட்டி, ஒட்டி, நிறம் சரிசெய்து, பாட்டுச் சேர்த்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே கோப்பாக உருட்டி எடுக்கும் ரெண்டர் ஓடிக்கொண்டிருந்தது. வருடக்கணக்காக அதுதான் அவன் பிழைப்பு. ரெண்டர் ஓடினால் ப்ராசஸர் கொதிக்கும் என்பது அவனுக்கு மனப்பாடம். எழுந்து திரையைப் பார்த்தான். ப்ராசஸரின் சூடு, அறையின் சூட்டைவிடக் குறைவாகக் காட்டியது. கூலர் விற்ற மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"சென்சார் பொய் சொல்லுது எடிட்டர் சார்," என்றார் மெக்கானிக். "காத்த ஊதி எதையும் காத்தவிடக் குளிரா ஆக்க முடியாது. ரூம் சூட்டுக்குக் கீழ அது போகவே போகாது. போச்சுன்னா சொல்லுங்க, நான் கடைய மூடிட்டு உங்க வீட்லயே வந்து உக்காந்துக்கறேன்."

ஒப்புக்குச் சிரித்துவிட்டுப் போனை வைத்தான். கை இன்னும் சில்லென்று இருந்தது. பேண்டில் தேய்த்துக்கொண்டான்.

பழைய கூலர், ப்ராசஸரோடு சேர்ந்தே வந்தது. உள்ளங்கை அளவு அலுமினியம், அதன்மேல் ஒரு சின்ன ஃபேன். கொஞ்ச நாளாக அது போட்ட கூச்சல் சொல்லி மாளாது. பக்கத்து அறையில் மனைவி படுத்திருப்பாள். மாசமாக இருந்தாள், பிரசவத்துக்கு அதிக நாள் இல்லை. கூச்சலைக்கூடப் பொறுக்கலாம், பாதி ரெண்டரில் சூடு தாங்காமல் பெட்டி பட்டென்று அணைந்துபோனால் எவன் பொறுப்பான்? கடையில் போய் நின்றபோது மெக்கானிக் முதலில் கேட்டது பெட்டியின் அகலத்தை.

"உசரமான ஹீட்சிங்க்தான் சூட்ட நல்லா இழுக்கும். ஆனா வீட்டுக்குப் போய் மூடி மூடலன்னா அத என்ன பண்ணுவீங்க, தலைக்கு வெச்சுப் படுப்பீங்களா? ஃபேன் பெருசா, மெதுவா சுத்தறதா பாருங்க. சின்னதுதான் கத்தும்." செம்புக் குழாய்கள் ஓடும் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "ப்ராசஸர் மேல தடவற பேஸ்ட்ட பட்டாணி அளவு வெச்சா போதும், அப்பிடாதீங்க. இன்னொன்னு சார். கூலர் சூட்ட அழிக்காது. இங்க இருக்கறத அங்க தள்ளும், அவ்வளவுதான். பெட்டிக்குப் பின்னாடி எதையும் அடைச்சு வெக்காதீங்க."

பின்னாடி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருந்தான். பெட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு குழந்தை படுக்கிற அளவுக்கு இடம், அவ்வளவுதான்.

ஒரு குழந்தை படுத்திருந்த இடம்தான் அது. வாண்டு என்று எல்லோரும் கூப்பிட்ட அவன் மகள். உடம்பில் ரத்தம் ஊறுவது நின்றுபோனதிலிருந்து அவளுக்கு எந்நேரமும் குளிர். கால்தான் ரொம்ப மோசம். சாக்ஸ்மேல் சாக்ஸ் போட்டும் வெந்நீர்ப் பை வைத்தும் ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியின் பின்னால் வெதுவெதுவென்று காற்று வருவதை அவளேதான் கண்டுபிடித்தாள். வண்ணம் தீட்டும் புத்தகத்தோடு குப்புறப் படுத்து, இரண்டு பாதத்தையும் பெட்டியின் பின்பக்கக் கம்பி வலைமேல் ஒட்டிக்கொண்டு, "ரெண்டர் போடுங்கப்பா," என்பாள். வேலை இல்லாத நாளிலும் போடுவான். முடித்துக் கொடுத்துவிட்ட ஒரு கல்யாணத்தையே திரும்பத் திரும்ப ஓட்டுவான். அந்த மழைக்காலத்தில் அந்த ஒரு ஜோடிக்கு அந்தப் பெட்டிக்குள் எத்தனை தடவை கல்யாணம் ஆனதோ, கணக்கே இல்லை.

மழை விடுவதற்குள் வாண்டு போய்விட்டாள். ஏசி ஓடிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி அறையில். பிறகு அவளைக் கிடத்திய கண்ணாடிப் பெட்டி அதைவிடக் குளிர். பிள்ளைக்குக் குளிரும், அதை அணைத்துவிடுங்கள் என்று அவன் சொன்னபோது எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மேசைக்கடியில் நுழைந்தான். ஃபேனின் மெல்லிய உறுமல், தூசியின் காய்ந்த வாசம், அதற்கும் அடியில் லேசாக இனிப்பும் கசப்புமாக ஒரு மருந்து சிரப்பின் வாசம். வலைமேல் பல மாதத் தூசி கம்பளிபோல் அப்பியிருந்தது. அதில் இரண்டு இடம் மட்டும் சுத்தமாகத் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. இரண்டும் அருகருகே. டார்ச்சைக் கிட்டே கொண்டுபோனான். ஒவ்வொன்றின் மேலும் ஐந்து சின்ன வட்டம்.

கையை நீட்டினான். ஏன் நீட்டினான் என்று அவனுக்கே தெரியாது. வலைக்கு முன்னால், ஒன்றுமே இல்லாத இடத்தில், உள்ளங்கையில் ஏதோ பட்டது. மிருதுவாக. ஈரமில்லாத குளிர். ஒரு குதிகால்.

தலை மேசையில் இடிக்க வெளியே வந்தான். கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏங்க, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"ஒன்னுமில்லம்மா. பசி."

அவளிடம் எப்படிச் சொல்வது? அழுது அழுது ஓய்ந்து, இப்போதுதான் வயிற்றில் இருக்கும் பிள்ளைக்காக ஒரு வாய் ஒழுங்காகச் சாப்பிடுகிறாள். பயமாகத்தான் இருந்தது அவனுக்கு. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. பிள்ளைக்கு இன்னும் குளிர்கிறது. எங்கே போனாளோ அங்கேயும் குளிர் விடவில்லை, அப்பாவைத் தேடித் திரும்பி வந்திருக்கிறாள். அந்த அறைக்குள் திரும்பிப் போய் அந்தப் பழைய கல்யாணத்தைத் தேடி எடுத்து, ரெண்டரைப் போட்டான்.

அன்றிலிருந்து பெட்டி ஓய்வில்லாமல் ஓடியது. வந்த வேலைகள் அப்படியே கிடந்தன. எவ்வளவு ஓட்டினாலும் பின்னால் வந்த காற்று சில்லென்றுதான் இருந்தது. வந்த சூடு அத்தனையும் அவளுக்கே போதவில்லை. மறுபடியும் கடைக்குப் போய் நின்றான்.

"இதவிட வேகமா சூட்ட வெளிய தள்ளற மாதிரி ஒன்னு வேணும். பின்னாடி நல்லா சூடா வரணும்."

மெக்கானிக் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். "எல்லாரும் ப்ராசஸர் எவ்வளவு குளிரா இருக்கும்னு கேப்பாங்க. பின்னாடி எவ்வளவு சூடா வரும்னு கேக்கற மொத ஆளு நீங்கதான். துணி காயப் போடப் போறீங்களா?" என்றவர், அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். கோபுரம்போல் நிற்கும் இரண்டு ஹீட்சிங்கும் இரண்டு ஃபேனும் உள்ள ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "இருக்கறதுலயே இதுதான் பெருசு. ஆனா ஒன்னு சார், ப்ராசஸர் எவ்வளவு சூடு கக்குதோ அவ்வளவுதான் வெளிய வரும். அதுக்கு மேல வேணும்னா எங்கேருந்து வரும்?" மீதியைக் கொடுக்கும்போது அவன் விரல் பட்டு, கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார். "உடம்பு சரியில்லையா? கை இப்படி ஐஸா இருக்கு?"

புதியதை மாட்டியதில் பெட்டியின் மூடி மூடவில்லை. மூடியைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். பெட்டியின் பின்னால் சிறிது நேரம் இதமான சூடு வந்தது. முழங்காலிட்டு அதைக் கையில் வாங்கிக்கொண்டு அழுதான். பிறகு அந்தச் சூடும் போய்விட்டது. அறையின் மூலைகளில் குளிர் தேங்க ஆரம்பித்தது. வெளியே வெயில் கொளுத்த, திரையின் கண்ணாடியில் பனி படர்ந்தது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். நகங்கள் நீலம் பூத்திருந்தன. காலை நீட்டினால் அவன் கணுக்காலோடு இரண்டு சின்னப் பாதங்கள் வந்து ஒட்டிக்கொண்டன. முதலில் பயமாக இருந்தது. பிறகு அவனே நீட்டினான்.

வாண்டு போனபிறகு மனைவி அந்த அறைக்குள் வந்ததே இல்லை. ஒருநாள் சாயங்காலம் வந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஓடிய மணமகளையும் மணமகனையும் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இது அவளுக்காக ஓட்டினதுதானே," என்றாள்.

அவன் ஸ்வெட்டர் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"அவ போயிட்டா. நான் பெத்தவ, எனக்கு வலிக்காதா? நீங்க இப்படியே உக்காந்திருந்தா நான் யாரப் பாக்கறது?" அவன் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். வைத்ததும் சிலிர்த்தாள், ஆனாலும் விடவில்லை. "இது இருக்கு. இதுக்கு அப்பா வேணும்."

உள்ளே ஏதோ புரண்டு அவன் கையை முட்டியது. உயிரும் சூடுமாக ஒரு முட்டு. எத்தனையோ நாளைக்குப் பிறகு அவனுக்குக் கண் தெளிந்ததுபோல் இருந்தது. இந்த வீட்டில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது, அதை மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறேனே என்று வெட்கமாக இருந்தது.

"நீ போய்ப் படும்மா. அணைச்சிட்டு வரேன்."

அவள் போனாள். அவன் மேசைக்கடியில் குனிந்தான். இருட்டாக இருந்தது.

"போதும்டா வாண்டு. அப்பாவால முடியலடா. தூங்குடா கண்ணு."

சுவிட்சை அணைத்தான். ஃபேன்கள் தளர்ந்து, சுழன்று, நின்றன. இத்தனை நாளும் காதிலேயே இருந்த உறுமல் நின்றதும் வீடு வெறுமையாகிவிட்டது. அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

அப்போது ஒரு சத்தம்.

மேசைக்கடியில் துணி தரையில் உரசுகிறது. முழங்கால். கை. முழங்கால். கை. மெதுவாக வெளியே வருகிறது. அவன் காலை ஒட்டி வந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போனது. எழுந்தது. வெறுங்கால் தரையில் பட்டது. சின்னக் கால். கதவைத் தாண்டி. கூடத்தைத் தாண்டி.

படுக்கையறைப் பக்கம்.

ஓட நினைத்தான். கால் மரத்துப்போயிருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்துப் போனான். ஜன்னலில் கடைசி வெளிச்சம் இருந்தது. மனைவி தலையணையில் சாய்ந்து மல்லாந்து படுத்திருந்தாள். கண் பாதி மூடியிருந்தது. முகத்தில் சிரிப்பு. அவள் சிரித்து மாதக்கணக்காகிறது.

"வந்துட்டீங்களா. எப்படி உதைக்குது பாருங்க."

பார்த்தான். உதைத்தால் வயிறு வெளியே புடைக்கும். இங்கே நைட்டியின் துணி உள்ளே அமுங்கியிருந்தது. அருகருகே இரண்டு குழி. ஒவ்வொன்றின் மேலும் ஐந்து சின்னப் பள்ளம்.

"வாண்டு," என்றான். பக்கத்தில் படுத்தான். ஸ்வெட்டரையும் சட்டையையும் சேர்த்துத் தூக்கினான். "இங்க வாடா. அப்பாகிட்ட வா. அப்பா வயித்துல வெச்சுக்கடா."

குழிகள் அசையவில்லை. தன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தான். தரையைத் தொட்டதுபோல் இருந்தது. அவள் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"யாரக் கூப்பிடறீங்க?" மனைவிக்குத் தூக்கம் கண்ணை இழுத்தது. "சில்லுன்னு இருக்குங்க. ஜன்னல சாத்துங்க."

அந்த இரண்டு குழிகளின்மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திப் பிடித்தான். விலக்கப் பார்த்தான். பாதங்கள் அவன் கைகளுக்கடியில், பழகிய இடத்தில் ஒட்டிக்கொள்வதுபோல், இன்னும் இறுக ஒட்டிக்கொண்டன.

"இப்ப உதைக்கல," என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே, சிரித்தபடி. "தூங்கிடுச்சு போல."

அவன் கைகளுக்கடியில் அந்தச் சின்னப் பாதங்கள், முதல்முறையாக, வெதுவெதுவென்று சூடாகிக்கொண்டிருந்தன.