முளைப்பாரி அறை

இருட்டில் வளரும் பயிர் நேராகத்தான் நிற்கும். ஒரு பக்கமிருந்து வெளிச்சம் வந்தால்தான் அந்தப் பக்கம் தலையைத் திருப்பும். முனீஸ்வரி அந்த அறையின் சன்னலைச் சாக்குப் போட்டு அடைத்து, கதவிடுக்கில் பழைய சேலையைச் செருகி, எலி வளையைக்கூடக் களிமண்ணால் பூசியிருந்தாள். ஆனாலும் அன்று விடியற்காலையில் மஞ்சள் தண்ணீரோடு உள்ளே போனபோது, முளைப்பாரி மொத்தமும் மேற்குச் சுவரைப் பார்த்துச் சாய்ந்து நின்றது.

சுவருக்கு அந்தப் பக்கம் கட்டில் கிடந்தது. கட்டிலில் அவள் புருஷன் தவசிமுத்து தூங்கிக்கொண்டிருந்தான். அவன் குறட்டை சுவர் வழியாக லேசாகக் கேட்டது. அது எங்கிருந்து வருகிறதோ சரியாக அங்கேதான் தளிர்களெல்லாம் தலையை நீட்டிக்கொண்டிருப்பதாக அவளுக்குத் தோன்றியது. விரதத்தில் வயிறு காய்ந்தால் கண் கண்டதையும் பார்க்கும் என்று தன்னையே திட்டிக்கொண்டு, தண்ணீரைத் தெளித்துவிட்டு வெளியே வந்து கதவைப் பூட்டினாள்.

ராஜபாளையத்தில் அவர்கள் தெரு மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல் வந்தால், தெருப் பெண்கள் ஆளுக்கொரு பிடி பயறு கொடுக்க, ஒரு வீட்டின் இருட்டறையில் அதை மண் ஓடுகளில் விதைத்து வளர்ப்பார்கள். நேர்ந்துகொண்ட பெண் மட்டும் உள்ளே போய்த் தண்ணீர் தெளிக்கலாம். மற்றவர்கள் பொழுது சாய வந்து வாசலில் கும்மி கொட்டிவிட்டுப் போவார்கள். ஆண்பிள்ளை அந்த நிலைப்படியை மிதிக்கக் கூடாது, எட்டியும் பார்க்கக் கூடாது. வாய்க்கு வந்ததைப் பேசுகிற குடிகாரன்கூட அந்தக் கதவைக் கண்டால் குரலை இறக்கிக்கொள்வான்.

போன வருடம் தவசிமுத்துவின் லோடு வண்டி சேத்தூர் ரோட்டில் புளியமரத்தில் மோதியது. மதுரையில் வலது காலை எடுத்துவிட வேண்டும் என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் விழுந்து கிடந்தவள், கால் நிலைத்தால் என் வீட்டிலேயே முளைப்பாரி போடுகிறேன் தாயே என்று அழுதாள். கால் நிலைத்தது. கொஞ்சம் இழுத்து நடக்கிறான், அவ்வளவுதான். அதற்காகத்தான் இந்த விரதம், இந்தத் தரைப்படுக்கை, கழுத்தில் மஞ்சள் கயிற்றில் தொங்கும் இந்தச் சாவி.

அந்தக் கயிற்றை அவள் எப்போதும் இரட்டை முடிச்சாகப் போடுவாள். சில நாள் முன்பு காலையில் எழுந்தபோது அது ஒற்றை முடிச்சாக இருந்தது. தூக்கக் கலக்கத்தில் தானே மாற்றிப் போட்டிருப்போம் என்று விட்டுவிட்டாள். அறைக்குள் ஈர வைக்கோலும் சாணித் தூளும் பயறும் கலந்த மணத்துக்கு அடியில் வேறொரு வாடை வந்ததையும் அப்படியே விட்டாள். காய்ந்த தழையைக் கசக்கினாற்போல, மூக்கின் ஓரத்தில் ஒட்டுகிற வாடை. சந்தேகப்படுவதற்கு வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அவளும் அவனும்தான்.

மத்தியானம் மில் சங்கு ஊதி அடங்கியதும் ஜீப் வந்து நின்றது.

இன்ஸ்பெக்டர் ஒருவர், கூட இரண்டு போலீஸ்காரர்கள், அங்காளம்மாள் என்கிற பெண் போலீஸ் ஒருத்தி. சேத்தூர்ப் பக்கம் கஞ்சாவோடு பிடிபட்ட ஒருவன் இந்த வீட்டைக் காட்டியிருக்கிறானாம். ஆள் பேர் தெரியாது, வீடு மட்டும் தெரியும் என்கிறானாம். சாட்சிக்கு அடுத்த வீட்டுச் செல்லத்தாயைக் கூப்பிட்டார்கள். தெரு முளைப்பாரிக்கு விதை வாங்கி வைப்பவள் அவள்தான். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள்.

தன் வீட்டின் சத்தங்கள் தனக்கே அந்நியமாகிப் போகும் என்று முனீஸ்வரி நினைத்ததில்லை. பீரோக் கதவு கிறீச்சிட்டது, அரிசி டிரம்மிலிருந்து அரிசி சரசரவென்று பாயில் கொட்டியது, மெத்தை கிழிகிற சத்தமும் அதிலிருந்து எழும்பிய பஞ்சு நெடியும் வீடெங்கும் பரவின. அவள் கல்யாணச் சேலையை ஒருவன் உதறிப் பார்த்துவிட்டுத் தரையில் போட்டான். அவளுடைய செல்போன், அவனுடைய செல்போன், வண்டிச் சாவி, அம்மா கொடுத்த எவர்சில்வர் தூக்கு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக வாங்கித் துணிப்பையில் போட்டார்கள். தூக்குக்குள் மஞ்சள் தூள்தான் இருந்தது. அதையும் மோந்து பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"அது என்ன ரூம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"முளைப்பாரி இருக்கு சார்" என்றாள் செல்லத்தாய். "ஆம்பளைக போகப்படாது."

இன்ஸ்பெக்டருக்குச் சொந்த ஊர் பக்கத்து மகாராஜபுரம். அவருக்குத் தெரியாத வழக்கமில்லை. பூட்ஸ் காலோடு ஓரடி வைத்தவர் அப்படியே பின்வாங்கி, அங்காளம்மாளுக்குக் கண்ணைக் காட்டினார். அவள் முனீஸ்வரியின் கழுத்துக் கயிற்றிலிருந்து சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனாள்.

ரொம்ப நேரமாகவில்லை. பழுப்பு டேப் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து தரையில் வைத்தாள். பிறகு இன்னொன்று. மண் ஓடுகளுக்கு அடியில், வைக்கோலுக்குள் செருகியிருந்ததாம். அந்த வாடை குப்பென்று கூடத்தை நிறைத்தது.

"இந்த ரூமுக்குள்ள யார் யார் போவா?"

"இவ மட்டுந்தான் சார்" என்றாள் செல்லத்தாய். முளைப்பாரியின் சுத்தத்தைச் சொல்லி அவளைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு இன்னும் அழுத்தமாகச் சொன்னாள். "வேற ஒரு ஈ காக்கா போகாது. நான் சூடம் அடிச்சுச் சொல்லுதேன்."

இன்ஸ்பெக்டர் தவசிமுத்துவைப் பார்த்தார். அவன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான். முனீஸ்வரி வாயைத் திறக்குமுன் அவனே பேசினான்.

"எனக்கு ஒண்ணுந் தெரியாது சார். சாவி எப்பவும் அவ கழுத்துலதான் கெடக்கும். நான் எப்படி சார் உள்ள போவேன்? சாமி காரியம்லா?"

சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. அவள் கழுத்துக் கயிற்றைப் பார்த்தான். ஒற்றை முடிச்சு யார் போட்டது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. தரையில் அவள் சோர்ந்து கிடக்கையில், பக்கத்தில் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவள் கழுத்தில் அவன் விரல்கள். ஊரில் ஒரு ஆணும் நுழையாத அறை, போலீஸே நுழையத் தயங்குகிற அறை என்று கணக்குப் போட்டிருக்கிறான். அவள் விரதத்தையே பெட்டியாக்கிப் பூட்டி வைத்திருக்கிறான். படுபாவி, உன் காலுக்குத்தானே இவ்வளவும் என்று கத்த நினைத்தாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் அங்காளம்மாள் பக்கம் திரும்பிவிட்டார்.

ஓடுகளையெல்லாம் வெளியே எடுக்கச் சொன்னார்கள். ஆண்கள் தொடமாட்டோம் என்றதால் அங்காளம்மாள்தான் ஒவ்வொன்றாகச் சுமந்தாள். முழங்கால் உயரத்துக்கு வெளிறிப் போய், நுனியில் பயறுத் தோல் ஒட்டிய தளிர்கள், முதன்முதலாக வெயிலுக்கு வந்தன. தவசிமுத்துவைத் தாண்டித்தான் வாசலுக்குப் போக வேண்டும். அவனை நெருங்கும்போது தளிர்கள் அவன் பக்கம் குனிந்தன. அவனைத் தாண்டிய பிறகு பின்னால் திரும்பின, தீவனம் வைக்கிறவனைக் கண்ட மாடு தலையைத் திருப்புவதுபோல.

காற்றில்லை. மின்விசிறியை எப்போதோ நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த ஓடு. அதுவும் திரும்பியது.

வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. தவசிமுத்து மட்டும் தொண்டையைச் செருமினான்.

கூடத்தில் பெஞ்சை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தார்கள். பொட்டலங்களுக்கு முத்திரை வைக்க அரக்கு உருகும் நெடி வந்தது. முனீஸ்வரியைக் கொண்டுபோக ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வேன் வந்துகொண்டிருந்தது. பொழுது சாயுமுன் கொண்டுபோய்விட வேண்டுமாம். அவள் தண்ணீர் கேட்டாள். அங்காளம்மாள் அவளை அடுக்களைக்குக் கூட்டி வந்து, தான் வாசலில் நின்றுகொண்டாள். தவசிமுத்துவும் தண்ணீருக்காகப் பின்னாலேயே வந்தான்.

"ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றாள் தாழ்ந்த குரலில். "நீங்கதான் வச்சீகன்னு ஒரே வார்த்தை. என்னைய விட்ருவாக."

அவன் குடத்திலிருந்து மொண்டு குடித்தான். இருமினான். மறுபடியும் மொண்டான்.

"ஏட்டி, கூறோட பேசு. நான் உள்ள போனா வண்டி போச்சு, பொழப்பு போச்சு. பொம்பளைன்னா வெளிய எடுத்துரலாம். கொஞ்ச நாள்தான்."

"நான் செய்யலையே."

"இந்தக் காலோட நான் ஜெயில்ல கெடக்க முடியுமா? நீயே சொல்லு."

அந்தக் காலைக் காட்டியே சொன்னான். முனீஸ்வரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் சோறு போட்டுப் பக்கத்தில் படுத்தவனை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கிறோம் என்று நினைத்தாள். அழுகை வரவில்லை. வெறுப்புகூட வரவில்லை. தன் உயிரைக் கொண்டுபோய் யாரோ முன்பின் தெரியாதவன் கையில் கொடுத்திருக்கிறோம் என்கிற பயம் மட்டும்தான் வந்தது.

அவன் மறுபடியும் இருமினான். வறட்டு இருமல். குடத்தைச் சாய்த்து அப்படியே வாயில் ஊற்றிக்கொண்டான். தண்ணீர் நெஞ்சில் வழிந்தது. தாகம் தீரவில்லை போலிருந்தது.

"தொண்டையில என்னமோ..." என்றான்.

உதட்டோரத்தில் ஒரு வெள்ளை நூல்.

தேங்காய் நாரோ என்று நினைத்தாள். அவனும் அப்படித்தான் நினைத்திருப்பான். இரண்டு விரலால் பிடித்து இழுத்தான். வந்தது. இன்னும் வந்தது. ஒரு சாண் வந்தது. பிறகு நின்றது. உள்ளே எதையோ பிடித்துக்கொண்டு நின்றது.

இழுத்தான்.

அவன் கண்கள் பிதுங்கின. நூலின் நுனியில் ஈர மண்.

"வேண்டாம்" என்றாள் அவள். "இழுக்காதீக."

அவன் குடத்தைக் கீழே போட்டுவிட்டு அவளைப் பார்த்தான். இப்போது நேராகப் பார்த்தான். அன்று காலையிலிருந்து முதல் முறையாக. அந்தப் பார்வையில் இருந்தது அவளுக்குப் புரிந்தது. பயம். அதற்குப் பின்னால், சொல்லிவிடுகிறேன் என்கிற ஒப்புதல்.

சொல்லுங்க. சொல்லிருங்க.

வெளியே தெருமுனையில் வேனின் ஹாரன் கேட்டது. அங்காளம்மாள் உள்ளே வந்து முனீஸ்வரியின் மணிக்கட்டைப் பிடித்தாள். "கெளம்புமா."

அவர்களை முந்திக்கொண்டு தவசிமுத்து கூடத்துக்கு ஓடினான். இழுத்து இழுத்து, விழுந்து எழுந்து ஓடினான். பெஞ்சுக்கு முன்னால் முழங்காலிட்டான். எழுதிக்கொண்டிருந்தவன் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டான்.

"என்னப்பா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

தவசிமுத்து தன் நெஞ்சில் அடித்துக்கொண்டான். பொட்டலங்களைக் காட்டினான். தன்னைக் காட்டினான். திரும்பவும் நெஞ்சில் அடித்துக்கொண்டான்.

"பொண்டாட்டிய விடச் சொல்லி அழுவுதான் சார்" என்றான் ஒரு போலீஸ்காரன். "பாவம்."

"இல்ல சார்!" முனீஸ்வரி கத்தினாள். "அவுகளைப் பேசச் சொல்லுங்க! உண்மையச் சொல்ல வாராக! செத்த நேரம் பொறுங்க சார்!"

"வாயத் தொறந்து சொல்லுய்யா."

முனீஸ்வரி மூச்சை நிறுத்திக்கொண்டாள். ஒரு வார்த்தை. தாயே, அந்த ஒரு வார்த்தை மட்டும்.

தவசிமுத்து வாயைத் திறந்தான்.

முதலில் மண் உதிர்ந்தது. கறுப்பு மண், ஈரத்தோடு, சட்டையில் உதிர்ந்தது. இன்ஸ்பெக்டர் நாற்காலி சாய எழுந்தார். செல்லத்தாய் முந்தானையைக் கீழே விட்டாள். அவன் வாய் இன்னும் திறந்தது. தாடை இறங்கும் மட்டும் திறந்தது. உள்ளே நாக்கு இல்லை. பல் வரிசைக்குப் பின்னால், நெருக்கமாக, ஓட்டில் விதைத்ததுபோல வெள்ளை முளைகள். சில இப்போதுதான் தோலை உடைத்துக்கொண்டிருந்தன.

அவன் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். கண்ணில் அது தெரிந்தது. தொண்டை ஏறி இறங்கியது, உதடு அசைந்தது, சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு முளை விரலளவு நீண்டு வெளியே வந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.

"சொல்லுங்க" என்றாள் முனீஸ்வரி. "சொல்லுங்க."

அவன் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தான். முகம் மறைந்து, கண் மறைந்து, பயிர் மட்டும் அசைகிற வரைக்கும்.